ஏழு முழக் கயிறும் என் முக்கோணங்களும்

காரைக்காலில் பிறந்த நான் காரைக்காலுக்குப் போக விசா வாங்கினேன். எழுபதுகளின் கடைசி அது. எட்டு வயதில் அப்பாவோடு பிரான்சுக்குக் கப்பலேறியவன், முப்பத்தொரு வயதில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் நீளமான ஒரு தகரக் குழலுமாக வந்து இறங்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் பெயர் பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியை வைத்த கையோடு அங்கே போனேன்.

பதிவேட்டை விரித்த காவலர் கேட்டார்: "பொறந்த ஊரு?"

"காரைக்கால்."

"வந்திருக்கிற ஊரு?"

"காரைக்கால்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப இஞ்ச எதுக்குங்க வந்தீங்க? வீட்டுக்குப் போங்க."

கெஞ்சிக் கூத்தாடித்தான் என்னை வெளிநாட்டுக்காரனாக எழுதிக்கொள்ள வைத்தேன். தகரக் குழலில் என்ன என்று கேட்டார். முக்கோணங்கள் என்றேன். அதையும் எழுதவா என்று கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

தங்கியது மரி அக்கா வீட்டில். பெரியப்பாவின் மகள். என்னிடம் இருக்கும் அதே பிரெஞ்சுக் கடவுச்சீட்டு அவரிடமும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் போன அதிக தூரம் மாயவரம். காலையில் இலை போட்டு உட்கார வைத்தார். விழுந்தது என்னவென்றால் ரொட்டியும் வெண்ணெயும். ரொட்டியையே தின்று வளர்ந்தவன், இடியாப்பத்தைக் கனவு கண்டுகொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

"ஒனக்கு நம்ம சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்குமோ என்னமோனு பயந்துட்டேன் சவரி. பேக்கரிக்கு ஆளனுப்பி வாங்கினேன்," என்றார் அக்கா. மறுக்க மனம் வரவில்லை. அவர் இடியாப்பம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே மூன்று துண்டு ரொட்டி தின்றேன்.

இனி, தகரக் குழலைத் திறந்துவிடுகிறேன். பிறகு திறந்தால் அவமானம் கூடும்.

கடலோரத்தில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் இருக்கும். அந்தத் தண்ணீர் எப்பக்கம் நகர்கிறது என்று கணக்குப் போட, கடலிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டருக்கு நிலத்தை நெடுக வெட்டியதாகப் பாவித்து, வெட்டிய முகத்தைச் சிறு முக்கோணங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு மூலையிலும் குழாய் இறக்கினால் நீர் எந்த மட்டத்துக்கு ஏறி நிற்கும் என்று கணினி சொல்லும்; மட்டம் கூடிய மூலையிலிருந்து குறைந்த மூலைக்குத் தண்ணீர் நகரும். முடிவுறு கூறு முறை என்று இதற்குப் பெயர். நிலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டர். நான் எடுத்துக்கொண்ட ஆழமோ இருபது மீட்டர். அதனால் முக்கோணங்களும் நெடுக்கில் இழுபட்டுத்தான் கிடக்கும். அப்படி இழுபட்ட முக்கோணங்களில் கணக்கு எவ்வளவு பிசகும் என்று முன்கூட்டியே வரம்பு கட்டுவதுதான் என் ஆராய்ச்சி. சுருங்கச் சொன்னால், தப்புகளைப் பற்றிய படிப்பில் எனக்கு முனைவர் பட்டம் கிடைக்க இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் பாக்கி.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. பிழை இன்ன அளவுக்கு மேல் போகாது என்று வாய்பாடு எழுதும்போது முன்னால் 'சி' என்று ஒரு மாறிலியைப் போடுவோம். முக்கோணத்தின் வடிவம், சொல்லத் தெரியாதது, சொல்லச் சோம்பல்பட்டது எல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள் போய்விடும். என் ஆய்வேட்டில் அந்த எழுத்து எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

உதாரணத்துக்கு ஒரு கடற்கரை வேண்டியிருந்தபோது, பிறந்த ஊர்ப் பாசத்தில் திருவேட்டக்குடியை எடுத்துக்கொண்டேன். அங்கே கிணறுகளின் நீர் மட்டத்தை அளந்து எழுதி அனுப்பியவர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஓவர்சியராக இருந்த தாவூது பாய். இரண்டு வருஷம் வாரம் தவறாமல் தபால் அட்டை வந்தது. கணினி சொன்ன மட்டமும் அவர் டேப் சொன்ன மட்டமும் விரற்கடை வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அந்தப் பெருமையில் கிணற்றுக்குப் பக்கத்தில் அம்பது அடிக்கு ஆழ்குழாய் இறக்கி மோட்டார் வைக்கலாம், அந்த இடத்தில் நல்ல தண்ணீர் கீழ்நோக்கி அமுக்குகிறது, உப்பு மேலே வராது என்று ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பினேன். ஆர்வக் கோளாறுதான். பாய் அதை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள், பாரிசில் படித்தவன் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் பாரிசை விட்டு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி மழை ஊறிய ஓர் ஊரில் படித்தவன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை துளை போடும் வண்டி வருகிறது. இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட நான் வந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை திருவேட்டக்குடிக்குக் கிளம்பினேன். பேருந்து நிலையத்தில் கூட்டம் எந்தப் பக்கம் பாய்கிறதோ அந்தப் பக்கமே நானும் பாய்ந்தேன். ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் பலகையைப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வயல்களாக வந்துகொண்டிருந்தன. கடலைக் காணவில்லை. பக்கத்தில் வேப்பிலையும் தாம்பாளமுமாக உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கடல் எப்போது வரும் என்று கேட்டேன்.

"கடலா? அம்மன் கோயிலுக்குப் போறோம் தம்பி. அம்பகரத்தூருல கடலுக்கு எங்க போறது?"

நடத்துநர் ஆறுதலாகச் சொன்னார்: "தூரம் ஏறக்கொறைய அதேதாங்க. தெசதான் வேற."

அந்த வாக்கியத்தை அப்போதே குறித்து வைத்துக்கொண்டிருக்கலாம். நான் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, ஒரு கடையில் இட்லி தின்று திரும்பி வந்தேன். பிரான்சில் தவறான ரயிலில் ஏறினால் பரிசோதகர் அபராதச் சீட்டு எழுதுவார். இங்கே நடத்துநர், அடுத்த வண்டி வரும்வரை நிழலில் நிற்கும்படி இடம் காட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை புத்திசாலித்தனமாக வாடகை சைக்கிள் எடுத்தேன். குழலைக் கைப்பிடியில் குறுக்கே கட்டியிருந்ததால் ஒரு பக்கம் திருப்பினால் முழங்கால் இடித்தது, மறுபக்கம் திருப்பினால் எதிரே வந்தவர்கள் இடித்துக்கொண்டார்கள். கோட்டுச்சேரி தாண்டி ஒரு மாட்டுவண்டிக்கு மரியாதையாக வழிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன். குழலுக்குள் சுருட்டி வைத்திருந்த முக்கோணப் படம் நனையவில்லை. தகரக் குழலை அன்று மெச்சிக்கொண்டேன். இப்போது யோசித்தால், நனைந்திருக்கலாம்.

தாவூது பாய் எனக்காகக் கிணற்றடியில் காத்திருந்தார். அட்டையில் மட்டும் பழகிய மனிதர். ஐம்பது வயதிருக்கும். டேப்பை இடுப்பில் செருகியிருந்தார். முழங்கால் வரை சேறாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, தண்ணி மட்டத்த அளக்க எறங்கவே வேணாம். டேப் எதுக்கு இருக்கு?" என்றார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஊருப் புள்ள வந்து இந்த ஊரு தண்ணிக் கஷ்டத்தத் தீர்க்குது. அல்லா ஒங்களுக்கு நல்லத நாடட்டும்."

என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் பேராசிரியர் சொன்ன அதிகபட்சம், கையெழுத்து பரவாயில்லை என்பது.

அது கரையோரக் குப்பத்துக்கே குடிக்கிற தண்ணீர் தரும் ஒற்றைக் கிணறு. சுற்றி இருந்த மற்றவை துணி துவைக்கத்தான் ஆகும். வந்த இடத்தில் என் பங்குக்கு ஓர் அளவு எடுக்க வேண்டாமா? அடித் தண்ணீரின் மாதிரி வேண்டும் என்று முடிவு செய்தேன். பாய் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். சுவரில் மாட்டியிருந்த கயிறுகள் எல்லாம் ஒரே அளவில் குட்டையாக இருந்தன. இரண்டை முடிச்சுப் போட்டு, இரும்பு வாளியைத் தரை தட்டும்வரை விட்டு, நாலு முறை மேலும் கீழுமாகக் குலுக்கி இழுத்தேன்.

"யாரு அது?" என்று குரல் வந்தது.

வந்தவர் அஞ்சலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கிணற்றுக்கு எதிரே கூரைக் கடையில் இட்லி போடுகிறவர். கடைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் என்பதால் கிணற்றின் காவல்காரரும் அவர்தான். நான் போட்ட முடிச்சைப் பார்த்தார். வாளியில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்புளித்துத் துப்பினார்.

"ஏழு மொழத்துக்கு மேல இந்தக் கெணத்துல கயிறு எறக்கக் கூடாது. குப்பத்துல பொறந்த கைப்புள்ளைக்குக் கூடத் தெரியும். அடியில இருக்கிறத ஏன் கலக்கினீங்க?"

எந்த வீட்டுக் கயிறானாலும் ஏழு முழம்தான். புதுக் கயிறு வாங்கினால் அஞ்சலை கடை வாசலில் வைத்து அளந்து வெட்டிவிட்டுத்தான் கிணற்றுக்குக் கொண்டுபோவார்கள். வேகமாக இறைப்பதும் கூடாது. மேல் தண்ணீரை மட்டும் மெதுவாக மொள்ள வேண்டும். இதையெல்லாம் பிறகு பாய் சொன்னார். அன்று நண்பகல்வரை குப்பத்தில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. குடத்தோடு வந்தவர்கள் வரிசையாக நின்று, தெளியட்டும் என்று காத்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அஞ்சலை என்னைக் கையால் காட்டினார். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கொஞ்சம் வேகமாக மொண்டாலே உப்பு எட்டிப் பார்க்கும் கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளி, அம்பது அடி ஆழத்தில் மோட்டார் வைக்கச் சொன்னவன் நான். உறைக்கவில்லை. ஊர் நம்பிக்கை என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டுக் குழலைத் திறந்தேன்.

ஒரு மீட்டர் நீளப் படம். எவ்வளவு அழகு என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் நான் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மூலைவிட்டத்தால் இரண்டாக வெட்டியிருந்தேன். செங்கோண முக்கோணங்கள், ஒரு பக்கம் கூர்மையாக, பார்க்கச் சகிக்காது. கூர்மையான கோணம் ஆகாது, மூன்று பக்கமும் சமமாக இருப்பதே உத்தமம் என்றுதான் எனக்குப் பாடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அரைக் கட்டம் நகர்த்தினேன். இடுக்குப் புள்ளிக் கோலம் மாதிரி, எல்லாம் சமபக்கமாக வந்துவிட்டன. ஒவ்வொரு முக்கோணத்திலும் தண்ணீர் போகும் திசைக்கு ஓர் அம்பு. நெரிசலாகத் தெரிந்ததால் நிமிர்ந்து நின்ற முக்கோணங்களுக்கு மட்டும் அம்பு வரைந்தேன். கிணற்றுக்குக் கீழே எல்லா அம்பும் ஒழுங்காகக் கீழ்நோக்கி நின்றன.

அஞ்சலை படத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது எந்த ஊரு?"

"உங்க ஊர்தாங்க. இது கடல், இது மணல்மேடு, இது கிணறு."

"எங்க ஊர்ல ஏது மலை? இந்தக் கெணத்துலேந்து கடலுக்கு உருண்டுல்ல போகணும்."

ஆழத்தை இருபது மடங்கு பெரிதாக்கி வரைவது வழக்கம், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணு எப்படிக் கெடக்கோ அப்படியே போட்டுக் காட்டுங்க. வெள்ளிக்கெழம எல்லாரும் வருவாங்க. இந்த மலையக் காட்டினா சின்னப் புள்ளயும் சிரிக்கும்."

பாயும் அதே கட்சி. "நியாயந்தானே தம்பி. சனங்களுக்குப் புரியணும்ல?"

இரண்டு கிலோமீட்டருக்கு இருபது மீட்டர் என்றால் நூறுக்கு ஒன்று. அந்த அளவில் வரையக் குறுகலான, மிக நீளமான தாள் வேண்டும். வியாழக்கிழமை காரைக்கால் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். எந்தக் கடையிலும் இல்லை. மத்தியானம் சுதும்பு மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த மரி அக்காவிடம் என் குறையைச் சொன்னேன். மூன்று நாள் ரொட்டிக்குப் பிறகு அன்றுதான் அவர் என் வயிற்றை மன்னித்திருந்தார்.

"அஞ்சர மீட்டர் நீளம், மூணு வெரக்கட அகலமா? சேலக் கரை ஆச்சே," என்றார் அக்கா.

கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய பருத்திச் சேலையை எடுத்துக் கூடத்துத் தரையில் விரித்தார். கரைக்கு மேல் என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நூறுக்கு ஒன்று, சொல்லி வைத்த மாதிரி. தலைப்பைக் கடல் என்று வைத்துக்கொண்டு, தையல்காரர் சாக்குக் கட்டியால் வரைய உட்கார்ந்தேன். நாளை திருவேட்டக்குடிக்கே பாடம் எடுக்கும் உற்சாகம். அக்கா எதிரே உட்கார்ந்து சேலை நகராமல் பிடித்துக்கொண்டார்.

நிஜ நிலத்தில் என் முக்கோணம் ஒன்றின் அடிப்பக்கம் ஐம்பது மீட்டர், உயரம் இரண்டு மீட்டர். சேலைக் கரையில் அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான அகலம், கால் விரற்கடை உயரம். நாலைந்து வரைந்திருப்பேன்.

"முக்கோணம்னியே, எங்கடா முக்கோணம்?" என்றார் அக்கா. "கோடாத்தானே இருக்கு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். கோடாகத்தான் இருந்தது. உச்சிக் கோணம் விரிந்து விரிந்து, இன்னும் கொஞ்சம் அமுக்கினால் நேர்கோடு. நான் சமபக்கமாக அடுக்கியது நிலத்தை அல்ல, இருபது மடங்கு பெருக்கிய காகிதத்தை. நிலத்தில் அவை அப்பளமாகக் கிடந்தன.

சேலையின் மறுமுனையில், முதலில் நான் தூக்கியெறிந்த செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்து பார்த்தேன். எவ்வளவு இழுத்தாலும் செங்கோணம் செங்கோணமாகவே நின்றது. அதில் மேல் மூலைக்கு நேர் கீழே இன்னொரு மூலை இருக்கிறது. இரண்டிலும் நீர் மட்டம் தெரியும். கழித்தால் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். என் அப்பள முக்கோணத்தில் உச்சிக்கு நேர் கீழே மூலை கிடையாது. இருபத்தைந்து மீட்டர் அந்தப் பக்கமும் இருபத்தைந்து மீட்டர் இந்தப் பக்கமும் இருப்பதைச் சராசரி எடுத்து அங்கே வைத்துக்கொள்கிறது கணக்கு. மணல்மேட்டுக்கடியில் நீர் மட்டம் நடுவில் உப்பியிருக்கும் என்பதால் சராசரி கொஞ்சம் குறையும். குறைவது விரற்கடைதான். அதை இரண்டு மீட்டர் உயரத்தால் வகுத்துச் சரிவு என்று சொல்லும்போது, இல்லாத ஓட்டம் ஒன்று கீழ்நோக்கிப் பிறக்கிறது. மட்டம் சரி, திசை தப்பு. அம்பகரத்தூர் நடத்துநர் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. நிமிர்ந்த முக்கோணங்கள் கீழே என்று பொய் சொன்னால், கவிழ்ந்த முக்கோணங்கள் மேலே என்று பொய் சொல்ல வேண்டும். சொல்லித்தான் இருந்தன. நெரிசல் என்று நான் வரையாமல் விட்ட அம்புகள் அவைதான். அம்புகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாறி மாறி நின்றதைக் கணினித் தாளில் பார்த்தவன் நான். பார்த்தும், படம் அழகாக வர வேண்டும் என்று பாதியை விட்டவன்.

வரிசையை ஒன்றுவிட்டு ஒன்று நகர்த்தியதால், ஒன்றாம் வரிசை மூலைக்கு நேர் கீழே மூன்றாம் வரிசையில் ஒரு மூலை உண்டு. குழலில் சேர்த்துச் சுருட்டி வந்த கணினித் தாளிலிருந்து அந்த இரண்டு எண்களையும் எடுத்துக் கழித்தேன். அடுத்த வரிசைகளுக்கும் அப்படியே செய்தேன். பென்சிலால் பத்து நிமிஷ வேலை. இரண்டு வருஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை. ஆழ்குழாய் போகும் இடத்தில் தண்ணீர் கீழே அமுக்கவே இல்லை. மெதுவாக, மிக மெதுவாக, மேலே வந்துகொண்டிருந்தது. மோட்டார் வைத்து இழுத்தால் உப்பு நேரே ஏறிவிடும். நாற்பது அடியில் இருக்கும் கிணறும் அதோடு போகும். ஏழு முழக் கயிறு சொன்னதும் இதைத்தான்.

அக்கா என் முகத்தைப் பார்த்துச் சேலையை விட்டுவிட்டார். "என்னடா ஆச்சு?"

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டா ஒரு ஊரு குடிதண்ணி போயிடும் அக்கா."

"அப்ப போடாத."

சொல்வது சுலபம். போடாவிட்டால் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் குப்பைக்குப் போகும். தேர்வு தள்ளிப்போகும், உதவித்தொகை முடிந்துவிடும், பேராசிரியர் கையெழுத்தைக்கூடப் பாராட்டமாட்டார். போட்டால் கிணறு உப்பாகச் சில மாதம் ஆகும். அதற்குள் நான் பட்டத்தோடு மழை ஊரில் இருப்பேன், காரணம் யாருக்கும் தெரியாது. இதை நான் நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். குழம்புச் சட்டி ஆறும்வரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையாகக் குடத்தோடு நின்றவர்களும், அவர்களுக்கு என்னைக் காட்டிய அஞ்சலையின் கையும்தான் என்னை எழுப்பின. வெட்கமாக இருந்தது.

சேலையைச் சுருட்டிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். அவர் பிற்பகல் அசர் தொழுகையை முடித்து வந்து எனக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். சேலையை விரித்துச் சொல்லி முடித்தேன். பாய் சேலையில் இருந்த கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ரெண்டு வருஷம் டேப்ப விட்டு அளந்து அனுப்பினேனே தம்பி. அது?"

"ஒண்ணுகூட தப்பில்ல பாய். உங்க அளவு இருந்ததாலதான் இப்ப பென்சிலால கழிச்சுப் பாக்க முடிஞ்சுது. தப்பு முழுக்க என்னோடது."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்ப சரி. நாளைக்கு எல்லார் முன்னாடியும் இத நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா என்னமோ மறைக்கிறேன்னு நெனைப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை துளை வண்டி மணலில் புதைந்து புதைந்து வந்து நின்றது. குப்பமே கூடியிருந்தது. பிரான்சில் கூட்டங்களில் எனக்கு முன்னால் தண்ணீர்க் குவளை வைப்பார்கள். இங்கே யாரும் வைக்கவில்லை, காரணம் எனக்குத் தெரியும். பாயும் நானும் சேலையை இரண்டு கழிகளுக்கிடையே கட்டினோம். மலை இல்லாத அவர்கள் ஊரை எல்லோரும் பார்த்தார்கள். என்ன எழுதினேன், எங்கே பிசகினேன், எந்த அம்புகளை வரையாமல் விட்டேன் என்று சொன்னேன். இங்கே ஆழ்குழாய் வேண்டாம், கையெழுத்துப் போடமாட்டேன் என்று முடித்தேன்.

அஞ்சலை முன்னால் வந்தார். "நீங்க வராம அங்கேருந்தே கடுதாசியில கையெழுத்துப் போட்டிருந்தா?"

"கிணறு போயிருக்கும்."

"நாங்க கயிறு அளந்து வெட்டுறது ஒங்க கணக்குல எங்க இருந்துது?"

சி என்ற எழுத்துக்குள் இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். இல்லை என்றேன்.

"வெலாசம் எழுதி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

பாய் பேச்சை மாற்றினார். ஆழம் வேண்டாம், அகலமாக, ஏழு முழத்துக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரி மணல்மேட்டில் இன்னும் இரண்டு கிணறு தோண்டலாம், எழுதிப் போடுகிறேன், இன்ஷா அல்லா கிடைக்கும் என்றார். தூரம் விட்டுத் தோண்டினால் தாங்கும் என்று, இந்த முறை பென்சிலால் கழித்துப் பார்த்துவிட்டு, நானும் ஒத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் தோண்டினார்கள் என்று பாயின் அட்டை வந்தது. துளை வண்டியைத் தள்ளி மணலைவிட்டு வெளியேற்ற அன்று மத்தியானம் ஆயிற்று. நானும் தள்ளினேன்.

என் தேர்வு எட்டு மாதம் தள்ளிப்போனது. முக்கோணம் எவ்வளவு இழுபட்டாலும் பரவாயில்லை, கூர்மையும் குற்றமில்லை, எந்தக் கோணமும் நேர்கோடாக விரியாமல் இருந்தால் போதும் என்று கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். துறையில் விவரமானவர்கள் இதைச் சில வருஷமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றிய கட்டுரை ஒன்று என் மேசைமேல் காப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்திருக்கிறது. ஐந்து பேர் குழு என்னைக் கேள்வி கேட்டுத் தேர்ந்ததாக அறிவித்தது. மரி அக்காவின் சேலையில் சாக்குக் கட்டிக் கோடு போகவே இல்லை. தேர்வு முடிந்ததும் புதுச் சேலை ஒன்று அனுப்பினேன். அதையும் விரித்து வைத்துக்கொண்டு, ஏதாவது வரையணுமா என்று கேட்டு எழுதினார்.

அந்த வாரம் நான் பிரான்சுக்குக் கிளம்பிய சனிக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். விடைபெற அஞ்சலை கடைக்குப் போனேன். நான்கு இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும் வைத்தார். தண்ணீர் கேட்டேன்.

"எறைச்சுக் குடிங்க," என்றார். "புதன்கெழம மத்தியானம் வரைக்கும் நிக்க வச்சீங்கள்ல, அத்தன கொடமும் எறைச்சு ஊத்திட்டுப் போங்க."

பேருந்துக்கு நேரமாகிறது என்றேன். அவர் கயிற்றை நீட்டினார். அவர் வாசலில் அளந்து வெட்டிய ஏழு முழக் கயிறு.

வரிசை அதற்குள் சேர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். வாளியை மெதுவாக விட்டு, மேல் தண்ணீரை அசைக்காமல் சாய்த்து மொண்டு, அதைவிட மெதுவாக இழுத்தேன். தோள் பிடித்துக்கொண்டது. முதல் வாளியை அஞ்சலையின் குடத்தில் ஊற்றினேன். அவர் ஒரு கை அள்ளி, எல்லோரும் பார்க்க, வாயில் விட்டார்.

துப்பவில்லை. விழுங்கிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அடுத்த குடம் வந்தது.